இராணுவம் கழித்த லாரிக்கு உட்பூச்சு இடுதல்

இரண்டாவது உலக யுத்தம் 1945-ஆம் ஆண்டில் முடிவுற்றபொழுது, நேசப் படைகள் இந்தியாவில் விட்டுச்சென்ற மோட்டார் வண்டிகள் ஆயிரக்கணக்கில் தேங்கிக் கிடந்தன. அமெரிக்கப் படைகளின் மிகுதிச் சாமான்கள் 1946-இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி இந்திய சர்க்காரின் கைக்கு வந்தன. போர்டு, செவர்லே, டாட்ஜ் முதலிய லாரிகள் பின்னர்த் தனியாருக்கு விற்கப்பெற்று, மரக்கூடு பொருத்தப்பட்டு, பேருந்துகளாகவும் சரக்கு வண்டிகளாகவும் நெடுநாள் உழைத்தன. அவற்றின் உழைப்பில் குறையில்லை. இரைச்சலும் சூடுமே குறைகள். யுத்த காலத்தில் கனடா தேசம் 8 இலட்சத்துக்கு மேற்பட்ட இராணுவ வண்டிகளைச் செய்தது. அவற்றுள் பெயர்பெற்ற லாரி மாதிரியில் என்ஜின் சாரதியின் அறைக்குள்ளேயே, அவனுடைய முழங்காலுக்கு அருகில், ஒரு தகட்டு மூடியின்கீழ் இருந்தது. வண்டியின் நீளம் குறைந்தால் கப்பலில் இடம் மிச்சம் என்பது அக்காலத்துக் கணக்கு. ஓட்டுபவனுடைய காது அக்கணக்கில் சேர்க்கப்படவில்லை.

இக்காலத்து இராணுவ லாரிகளும் இவ்விஷயத்தில் பெரிதும் மாறிவிடவில்லை. ஜபல்பூரில் 1959 முதல் செய்யப்பட்டுவந்த சக்திமான், அதற்குப் பின்வந்த அசோக் லேலண்ட் ஸ்டாலியன் ஆகியவை சேவை முடிந்தபின் ஏலத்துக்கு வருவதுண்டு, எம்.எஸ்.டி.சி. என்னும் அரசு நிறுவனம் அவ்வேலங்களை மின்முறையில் நடத்துகின்றது. ஸ்டாலியனில் என்ஜின் சாரதி அறைக்கு நேர் அடியில் அமைந்துள்ளது. மலிவு கருதி இத்தகைய வண்டியை வாங்க நினைக்கும் குடியானவர், அரசாங்க வண்டிகளுள் 15 ஆண்டு கடந்தவற்றின் பதிவு 2023 ஏப்ரல் முதல் புதுப்பிக்கப்படுவதில்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ளவேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்தறியாமல் ஏலத்தில் விலை கூறுதல் கூடாது. பதிவுள்ள வண்டி கைக்கு வந்தபின் செய்யத்தக்க உள்வேலை ஒன்றே இங்கே கூறப்படுகிறது.

இவ்வேலை சொகுசுக்கென்று எண்ணுதல் தவறு. ஒரு நாளில் 8 மணி நேரம் கேட்கத்தக்க இரைச்சலின் எல்லை 85 டெசிபல் என்றும், அதற்குமேல் 3 டெசிபல் கூடுந்தோறும் கேட்கத்தக்க காலம் பாதியாகும் என்றும் தொழில்நல ஆராய்ச்சியாளர் வரையறுத்துள்ளனர். அதாவது 88 டெசிபலில் 4 மணி, 91 டெசிபலில் 2 மணி. உட்பூச்சு இல்லாத தகட்டு அறையில், என்ஜினுக்கு மேல் அமர்ந்து, ஆம்பூரிலிருந்து சென்னை வரை சுமையோடு செல்லும் சாரதி அவ்வெல்லையை வழியிலேயே கடந்துவிடக்கூடும். இரைச்சலால் கெட்ட காது வலிப்பதில்லை, சீழ் வடிவதுமில்லை. ஒலியின் மெல்லிய உச்சப் பகுதி முதலில் கேளாது போகும். பிறகு பேச்சில் சில எழுத்துக்கள் மங்கும். போன செவி மருந்தால் மீள்வதில்லை. பின்னால் வரும் வண்டியின் ஊதலைக் கேளாத சாரதியால் சாலையில் செல்லும் பிறருக்கும் ஆபத்து.

ஒலியும் உஷ்ணமும் இரண்டு வேறு நோய்கள். ஒரே பூச்சு இரண்டையும் தீர்க்குமென்று கடைக்காரர் கூறுவதுண்டு; அதனை முழுதும் நம்புதல் வேண்டா. மாட்டின் கழுத்து மணியை அடித்துவிட்டு உள்ளங்கையால் பற்றினால் ஓசை உடனே அடங்குகின்றது. கை, மணியின் அதிர்வை உறிஞ்சிக்கொள்வதே காரணம். லாரியின் தகடும் அவ்வாறே ஒரு மணி. என்ஜினும் சாலையும் அதனை இடைவிடாது அடித்துக்கொண்டிருக்கின்றன. தகட்டின்மேல் ஒட்டிக் காய்ந்த, ரப்பர்போன்று வளையும் பூச்சு உள்ளங்கையின் வேலையைச் செய்யும். இதற்குப் பூச்சு கனமாகவும் தகட்டோடு இறுக ஒட்டியதாகவும் இருத்தல் அவசியம். உஷ்ணத்தைத் தடுப்பதற்கோ இதற்கு நேர்மாறான பொருள் வேண்டும்: இலேசானதாயும், உள்ளே அசையாத காற்றை அடக்கியதாயும் இருக்கவேண்டும். எஃகு, தக்கையைக் காட்டிலும் ஆயிரம் மடங்குக்கு மேல் விரைவாக உஷ்ணத்தைக் கடத்தும். கூரை வேய்ந்த வீடு குளிர்ந்திருப்பதும் தகரக் கொட்டகை கொதிப்பதும் இதனாலேயே. எனவே முதலில் தகட்டை ஒட்டி அதிர்வு அடக்கும் பூச்சும், அதன்மேல் உஷ்ணம் தடுக்கும் மெத்தையும் என இரண்டு அடுக்குகள் இடவேண்டும். வரிசையை மாற்றினால் இரண்டும் வீண்.

உப்பு என்னும் சத்துரு

இவ்வட்டாரத்து வண்டிகளுக்குப் பிற இடங்களில் அரிதான ஒரு கேடு உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் பதனிடும் சாலைகளுக்குக் கச்சாத் தோல் உப்பிட்டே வருகின்றது. தோல் அழுகாதிருக்க அதன் எடையில் 10-இல் சுமார் 4 பங்கு உப்பு இடுவது வழக்கம். அவ்வுப்பு தோலின் நீரைக் கவர்ந்து உப்புநீராகி வண்டியின் தளத்தில் வடிகிறது. பலகை இடுக்கிலும் தகட்டின் மடிப்பிலும் ஆணித் துளையிலும் புகுந்து உலர்கிறது. கூலிக்குத் தோல் ஏற்றும் ஆட்கள் உப்புப் படிந்த காலோடு சாரதி அறையிலும் ஏறுவர். ஒரு லாரி இரண்டு ஆண்டு தோல் ஏற்றியிருந்தால், அதன் கண்ணுக்குத் தெரியாத மடிப்புக்களில் உப்பு இல்லையென்று எவரும் உறுதி கூற இயலாது.

அடுக்களையில் உப்பு ஜாடி ஐப்பசி மாதத்தில் தானே நீர் கோர்ப்பதை யாவரும் அறிவர். காற்றின் ஈரம் 100-க்கு 75 பங்கைக் கடந்தால் உப்பு அதனை இழுத்துக்கொள்ளும். தகட்டின் மடிப்பில் உள்ள உப்பும் அப்படியே செய்யும். திறந்த தகடாயின் வெயில் வந்ததும் உலர்ந்துவிடும். அதன்மேல் பூச்சும் மெத்தையும் போட்டு மூடியபின்னரோ ஈரம் வெளியேற வழியில்லை. உப்பும் ஈரமும் இரும்பும் இருட்டில் ஒருங்கிருக்குமானால் துருவுக்கு வேறு அழைப்பு வேண்டுவதில்லை. மேலே பூச்சு அழகாக இருக்கும். கீழே தகடு அப்பளம்போல் நொறுங்கும். கழுவாத வண்டிக்கு உட்பூச்சு இடுவதைவிட இடாமல் விடுவது நன்று. பூச்சில்லாத வண்டியின் துருவாவது கண்ணில் படும்.

ஆகவே கழுவுதலே இவ்வேலையில் பெரும்பகுதி என்று அறியவேண்டும். ஆசனம், தளவிரிப்பு, கதவின் உட்பலகை யாவற்றையும் கழற்றுக. பாட்டரியின் இணைப்பை முதலில் நீக்குக. மின்கம்பிகளின் முனைகளை மெழுகுத்துணியால் சுற்றுக. இளஞ்சூடான நீரை அழுத்தத்தோடு பாய்ச்சி மடிப்புதோறும் கழுவுக. ஒரு முறை கழுவி ஒரு நாள் உலரவிட்டு மீண்டும் கழுவினால் முதல் நாள் கரையாத உப்பு இரண்டாம் நாள் கரையும். மூன்று முறை கழுவுதல் மிகையன்று.

எந்த நீரால் கழுவுவது என்பது அடுத்த கேள்வி. பாலாற்றுப் பள்ளத்தாக்கில் பதனிடும் சாலைகளை அடுத்த பல கிணறுகளின் நீர் உவர்ப்பேறியது. கழிவுநீரால் நிலமும் நீரும் கெட்டதைக் குறித்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஏற்பட்டதும் யாவரும் அறிந்த சரித்திரம். ஆயினும் நிலத்தடியில் சேர்ந்த உவர் சில ஆண்டுகளில் போகக்கூடியதன்று. அத்தகைய கிணற்று நீரால் கழுவுவது, உப்பை உப்பால் கழுவுவதாகும். முதல் இரண்டு கழுவலுக்கு எந்த நீராயினும் பாதகமில்லை. கடைசிக் கழுவல் நல்ல நீரால், கூடுமானால் சேர்த்துவைத்த மழைநீரால் செய்யப்படவேண்டும். அறை முழுதுக்கும் 40 லிட்டர் மழைநீர் போதியது. கைத்தெளிப்பானில் இட்டு மடிப்புக்களில் செலுத்தினால் இன்னும் குறைவாகவே செல்லும்.

உப்பு நீங்கியதா என்பதைச் சோதிக்க எளிய வழி உண்டு. கடைசியாக வழிந்த நீரைச் சுத்தமான கண்ணாடிக் குவளையில் சிறிது பிடித்து, அதில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலை இரண்டு சொட்டு விடவேண்டும். உப்பு இருந்தால் நீர் பால்போல் வெளுக்கும். உயர்நிலைப் பள்ளிக்கூடத்து ரசாயன ஆசிரியரிடம் இக்கரைசல் இருக்கும். மற்றொரு குவளையில் கழுவாத மழைநீரை வைத்து அதிலும் சொட்டு விட்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தல் அவசியம். இல்லையேல் நீரிலேயே இருந்த உப்பைத் தகட்டின் உப்பென்று மயங்க நேரும். கரைசல் கையில் பட்டால் கறுத்த கறை சில நாள் இருக்கும். கரைசல் கிடைக்காதவர், கழுவி உலர்ந்த வண்டியைப் பனி பெய்யும் ஓர் இரவு கதவு திறந்து நிறுத்தி விடியலில் பார்க்கலாம். மற்ற இடங்கள் உலர்ந்தபின்னும் ஒரு மடிப்பு மட்டும் நெடுநேரம் வியர்த்திருந்தால், அங்கே உப்பு உள்ளதென்று சந்தேகிக்கவேண்டும்.

துரு நீக்கலும் முதற்பூச்சும்

உதிரும் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து நீக்குக. பழைய இராணுவ வர்ணத்தில் ஈயம் கலந்திருத்தல் கூடும். உலர்ந்த நிலையில் தேய்த்தால் தூள் மூச்சில் செல்லும். ஆகையால் தண்ணீர்த் தாளைக்கொண்டு நனைத்தே தேய்க்கவேண்டும். முகத்துக்கு நல்ல தூசிக் கவசம் அணியவேண்டும். துடைத்த துணியைப் பிள்ளைகள் எடுக்கும் இடத்தில் எறியலாகாது. மிகப் பழைய வண்டியாயின் என்ஜின் மூடியின் உட்புறத்திலும் புகைக்குழாயின்மேலும் சாம்பல் நிறமான நார்ப் போர்வை சுற்றியிருக்கலாம். அது கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கக்கூடும். அதன் நுண்ணிய நார் நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகளுக்குப்பின் புற்றுநோய் விளைக்கும். அதனைப் பிய்த்து எறிய முயலுதல் கூடாது. அதுபற்றி அறிந்தவரைக்கொண்டே அகற்றுவித்தல் வேண்டும்.

தேய்த்தபின் எஞ்சிய துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கி கடையில் கிடைக்கும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து தடவி, குறித்த நேரம் சென்றபின் நல்ல நீரால் கழுவி உடனே துடைத்து உலர்த்துக. இங்கும் தோல் வட்டாரத்துக்குரிய ஓர் எச்சரிக்கை உண்டு. பதனிடும் சாலையில் மயிர் களையச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்ப்பர். அச்சாலையின் கழிவையோ சல்பைடு பீப்பாய்களையோ ஏற்றிய வண்டியில் அப்பொருள் ஒட்டியிருந்து அமிலம் பட்டால், அழுகிய முட்டை நாற்றமுள்ள விஷவாயு கிளம்பும். மூடிய அறையில் அது உயிரையே போக்கவல்லது. மேலும் வாயு மிகுந்தவிடத்து மூக்கு மரத்து நாற்றம் தெரியாமற் போகும். கதவுகளைக் கழற்றிவிட்டோ அகலத் திறந்துவைத்தோ வேலை செய்யவேண்டும். சிறிதே நாற்றம் வந்தாலும் வெளியேறி, நீரால் மீண்டும் நன்கு கழுவியபின்னரே அமிலத்தைத் தொடவேண்டும்.

உலர்ந்த தகட்டின்மேல் ரெட் ஆக்ஸைடு ஜிங்க் பாஸ்பேட்டு முதற்பூச்சை இரண்டு தடவை இடுக. முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் இடையில் ஓர் இரவு விடுக. தை, மாசி, பங்குனி மாதங்கள் இவ்வேலைக்கு ஏற்றவை. அவற்றிலும் பனி முற்றும் விலகிய பிறகே தொடங்கவேண்டும். சித்திரை, வைகாசி நண்பகலில் தகட்டைத் தொடவே முடியாது. அப்பொழுது இட்ட பூச்சு மேலே ஆடை கட்டி உள்ளே பச்சையாக நிற்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொடங்குதல் வீண் செலவு.

அதிர்வு அடக்கும் பூச்சு

சாலை வேலையில் மிஞ்சிய தாரைக் காய்ச்சிப் பூசினால் என்ன என்று கேட்போர் உண்டு. சாலைத் தார் 50 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கும். வேலூர் வெயிலில் நிற்கும் கரும்பச்சை லாரியின் மேற்கூரை 60 டிகிரியைக் கடந்து செல்லும். ஆகவே கூரையில் பூசிய தார் கோடையில் சாரதியின் தலையில் சொட்டும். 85 டிகிரிக்கு மேலேயே இளகும் ஊதிய நிலக்கீலும் விற்கின்றது. ஆனால் அதனைப் பூசுவதற்கு மிகக் கடுஞ்சூட்டில் உருக்கவேண்டும். மேல்நோக்கிக் கூரையில் பூசுகையில் தெறித்தால் கண்ணும் தோலும் போம். பெட்ரோலில் கரைத்துப் பூசும் வழக்கம் இதனினும் கொடியது. அறைக்குள் நிறையும் ஆவி ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். குடியானவர் தாமே செய்யும் வேலைக்கு நீரில் கரைந்த அதிர்வடக்கும் பூச்சோ, அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ரப்பர்த் தகடோ ஏற்றது. விலை அதிகமே, எனினும் வைத்தியச் செலவை நோக்க அதிகமன்று.

எவ்வளவு வேண்டும் என்ற கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் கனம் நிற்க 1 லிட்டர் உலர்ந்த சரக்கு வேண்டும். பூச்சில் மூன்றில் ஒரு பங்கு நீர் என்றால், ஈரமாக ஒன்றரை லிட்டர் பூசவேண்டும். உலர்ந்தபின் பூச்சின் கனம் தகட்டின் கனத்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருப்பது நல்லது. தகடு 1.2 மில்லிமீட்டர் என்று கொண்டால், 2 மில்லிமீட்டர் பூச்சுக்குச் சதுர மீட்டருக்கு 3 லிட்டர் செல்லும். கூரை, பின்சுவர், கதவுகள், தளம் ஆகியவை சேர்ந்து 8 சதுர மீட்டர் ஆனால் 24 லிட்டர். இதனை ஒரே நாளில் அப்புதல் தவறு. ஒரு தடவைக்கு 1 மில்லிமீட்டருக்கு மேற்படாமல் பூசி, அது முற்றும் காய்ந்தபின் அடுத்ததை இடவேண்டும். காய்ந்ததற்கு அடையாளம், நகத்தால் அழுத்தினால் சுவடு எழும்பி மறைவது.

ரப்பர்த் தகட்டை உபயோகிப்பவர் முழுப் பரப்பையும் மூட வேண்டுவதில்லை. மிருதங்கத்தின் இடந்தலையில் வித்வான் சிறிதளவு ரவையைப் பிசைந்து நடுவில் அப்புகிறார்; தோல் முழுவதன் ஒலியும் மாறிவிடுகிறது. தகட்டிலும் நடுப்பகுதியே மிகுதியாக அதிர்வது. சட்டங்களுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும், பரப்பில் மூன்றில் ஒரு பங்கை மூடுமாறு ஒட்டி, சிறு உருளையால் அழுத்திக் காற்றை வெளியேற்றினால் போதும். ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் விரல் முட்டியால் தட்டிப் பார்க்கவேண்டும். முன்பு வெறுங்குடம்போல் ஒலித்தது, பின்பு நீர் நிறைந்த குடம்போல் ஒலிக்கும். அவ்வாறு மாறாத கட்டத்தில் மட்டும் இன்னும் ஒரு துண்டு சேர்க்க. கண்டபடி சேர்த்தால் வண்டியின் எடை கூடி, ஏற்றும் சுமையில் அவ்வளவு குறையும்.

கதவின் அடியில் மழைநீர் வடியச் சிறு துளைகள் உள்ளன. பூச்சால் அவற்றை அடைத்துவிடுவது எங்கும் காணும் பிழை. பூசுமுன் துளைதோறும் ஒரு தீக்குச்சியைச் செருகிவைத்து, பூச்சு காய்ந்தபின் பிடுங்கிவிடவேண்டும்.

என்ஜின் மூடி தனி விஷயம். அங்கே நிலக்கீலோ ரப்பரோ சாதாரண நுரை மெத்தையோ ஆகாது. இளகும், புகையும், தீப்பற்றும். தீத்தாங்கும் கண்ணாடி நார் மெத்தையை அலுமினியத் தாளால் முழுதும் போர்த்தி, மூடியின் உட்புறத்தில் ஆணியும் வளையமும் கொண்டு பொருத்தவேண்டும். பசை மட்டும் நம்பத்தக்கதன்று. சூட்டில் விட்டு, சுழலும் விசிறியில் மெத்தை விழும்.

உஷ்ணம் தடுக்கும் மெத்தை

பூச்சின்மேல் இடும் மெத்தைக்குப் பல பொருள்கள் உண்டு. தக்கைப் பலகை நல்லது, விலை மிகுதி. சணல் கம்பளமும் தேங்காய் நார் மெத்தையும் ஒலியை நன்கு உறிஞ்சும். ஆனால் ஈரத்தையும் உறிஞ்சும். நனைந்த கம்பளத்தில் காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொள்வதால் உஷ்ணத் தடை போய்விடும். துருவுக்கு இடமும் உண்டாகும். ஆகையால் அவற்றைக் கூரையிலும் பின்சுவரின் மேற்பாதியிலும் இடலாம், தளத்தில் இடலாகாது. தளத்துக்கு நீர் புகாத மூடிய அறைகளையுடைய ரப்பர் நுரை ஏற்றது. 10 மில்லிமீட்டர் கனம் போதும்.

பதனிடும் சாலையில் களைந்த மயிர் மலிவாகக் கிடைக்கிறதே என்ற எண்ணம் இவ்வட்டாரத்தில் எழுவது இயல்பு. முற்காலத்தில் மேல்நாடுகளில் மாட்டு மயிரை அழுத்திச் செய்த கம்பளத்தைக் கொதிகலங்களுக்கும் நீராவிக் குழாய்களுக்கும் சுற்றினர். அது நல்ல தடையே. ஆனால் சாலையிலிருந்து நேரே வரும் மயிரில் உப்பும் சுண்ணாம்பும் சல்பைடும் சேர்ந்திருக்கும். பல நீர் மாற்றி அலசி, உலர்த்தி, அழுத்திச் செய்தாலன்றி, அது கழுவிய வண்டிக்குள் உப்பை மீண்டும் கொண்டுவந்து வைப்பதாகும். அலசும் கூலியைக் கணக்கிட்டால் சணல் கம்பளமே மலிவு.

தெர்மோகோல் பலகையை ஒட்ட முயல்வோர், சாதாரண ஒட்டுப்பசை அதனைக் கரைத்துக் குழியாக்குவதைக் கண்டு வியப்பர். எளிதில் தீப்பற்றுவதால் சாரதி அறைக்கு அது எவ்வகையிலும் ஏற்றதன்று. எந்த மெத்தையை வாங்கினாலும், விரலளவு துண்டை வெட்டவெளியில் குறட்டால் பிடித்துத் தீ வைத்துப் பார்க்க. தீயை விலக்கியதும் சில விநாடிகளில் தானே அணைந்தால் கொள்க. எரிந்து சொட்டினால் தள்ளுக.

இடுக்கு அடைத்தல்

பூச்சும் மெத்தையும் செம்மையாக இட்டபின்னும் இரைச்சல் குறையவில்லை என்று குறை கூறுவோர், தளத்துத் துளைகளை மறந்தவராக இருப்பர். சுவரின் பரப்பில் 100-இல் ஒரு பங்கு திறந்திருந்தால், மற்ற 99 பங்கு எவ்வளவு கனமாயினும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க இயலாது. இரவில் சாரதி அறைக்குள் விளக்கேற்றி, கதவுகளை மூடி, வண்டியின் அடியிலும் சுற்றிலும் நின்று பார்த்தால் ஒளி கசியும் இடமெல்லாம் ஒலி புகும் இடமென்று அறியலாம். மிதிகட்டைகளின் துளைக்கும் கியர்த் தண்டுக்கும் ரப்பர் உறை மாட்டுக. கதவின் ரப்பர் விளிம்பு காய்ந்து வெடித்திருந்தால் புதியது இடுக.

இடுக்கை அடைக்குமுன் புகைக்குழாயைச் சோதித்தல் கட்டாயம். குழாய் ஒழுகும் வண்டியில் இதுகாறும் இடுக்கின் வழியே காற்று வந்து சென்றமையால் நச்சுப்புகை தேங்காதிருந்திருக்கலாம். ஓர் இடுக்கை அடைத்து ஒன்றை மறந்துவிட்டால், புகுந்த புகை வெளியேறாது. அதில் உள்ள கார்பன் மானாக்ஸைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. சாரதிக்குத் தலை கனத்து உறக்கம்போல் வரும். குழாயின் மூட்டுக்களை முதலில் பழுதுபார்த்து, கூரையிலோ பின்சுவரிலோ காற்று வாயில் ஒன்றைத் திறந்தே வைக்கவேண்டும்.

தளத்து மெத்தை மிதிகட்டையின் அடியில் தடிக்கக் கூடாது. பிரேக்கை முழுதும் அழுத்திப் பார்த்து, கட்டை எங்கும் தட்டவில்லை என்று கண்டபின்னரே ஆசனத்தைப் பூட்டவேண்டும்.

சரக்குக் கூடு

காய்கறி ஏற்றுவோர் பின்கூட்டின் உட்புறத்தையும் மெத்தையிட்டு மூட விரும்புவர். இலவம்பாடி முள்கத்தரி போன்ற காய்கள் பறித்த பின்னும் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கின்றன. அம்மூச்சினால் உஷ்ணமும் ஈரமும் பிறக்கின்றன. நான்கு புறமும் மெத்தையிட்டு அடைத்தால் வெளி வெயில் புகாது. உள்ளே பிறந்த சூடும் போகாது. காய் வெந்ததுபோல் துவண்டு சந்தையில் இறங்கும். மெத்தை குளிர்ச்சியை உண்டாக்குவதன்று, உள்ளதைக் காப்பதே அதன் தொழில். ஆதலால் கூரைக்கு மட்டும் மெத்தையிட்டு, முன்சுவரின் மேற்புறத்திலும் பின்கதவின் கீழ்ப்புறத்திலும் காற்று வாயில் விட்டு, விடியலில் பறித்த காயை நிழலில் ஆறவிட்டு இரவில் ஏற்றிச் செல்லுதல் சிறந்தது. கச்சாத் தோல் ஏற்றிய கூட்டில், எவ்வளவு கழுவினாலும், திறந்த நிலையில் உண்பொருளைக் கொட்டுதல் கூடாது. மூடிய பெட்டிகளிலேயே ஏற்றவேண்டும்.

வெளி வர்ணத்தையும் இத்தறுவாயில் கருதவேண்டும். இராணுவத் துறைக்கு உரியவை அல்லாத வண்டிகள் ஆலிவ் பச்சை நிறம் பூசியிருத்தல் கூடாதென்பது 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 121-ஆவது. எப்படியும் மாற்றவேண்டிய நிறமாதலின், கூரையின் மேற்புறத்துக்கு வெண்மையே பூசிவிடலாம். வெள்ளைக் கூரை வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். உள்ளே இட்ட மெத்தைக்கு அது பாதி வேலையைக் குறைக்கும். கையில் பணம் குறைவாக உள்ளவர் மெத்தையை மறு ஆண்டுக்குத் தள்ளிவைத்து, கழுவலும் முதற்பூச்சும் வெள்ளைக் கூரையும் இவ்வாண்டே முடிக்கலாம்.

சாரதியின் காலடித் தளத்தில், ஒரு மூலையில் சாண் அகலத்துக்கு மெத்தையை ஒட்டாமல் தளர்வாக விட்டுவைக்கவேண்டும். மழைக்காலத்தில் மாதம் ஒரு முறை அதனைத் தூக்கி விரலால் தடவிப் பார்க்க. விரல் உலர்ந்து வந்தால் மூடிவிடலாம். ஈரமாக வந்தால் கண்ணாடி விளிம்பிலோ கதவிலோ ஒழுக்கு உண்டு. அதனைத் தேடி அடைக்க. செந்நிறம் ஒட்டினாலோ உப்புக் கரித்தாலோ, அப்பகுதியின் மெத்தையை முழுதும் எடுத்து, மழைநீரால் மீண்டும் கழுவி, உலர்த்தி, முதற்பூச்சு இட்டபின்னரே திரும்ப விரிக்கவேண்டும்.